மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்

முதியோர் இல்லங்களிலே அரிசிக்குக் கணக்கு உண்டு. பருப்புக்குக் கணக்கு உண்டு. நன்கொடையாக வந்த வேட்டி சேலைக்கும் கணக்கு உண்டு. பார்வையிட வரும் அதிகாரி பேரேட்டைப் புரட்டிக் கையெழுத்தும் இடுவார். ஆனால், அங்கே படுத்திருக்கும் பெரியவர் நேற்றிரவு விழுங்கிய மாத்திரை என்ன, கொடுத்தவர் யார், எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று கேட்டால், விடை சொல்லும் ஏடு எத்தனை இல்லங்களில் இருக்கிறது? அப்படிக் கேட்ட அதிகாரிதான் எத்தனை பேர்?

சிறு குறை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இது உயிர்ப் பிரச்சினை.

இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, நீரிழிவுக்கு இரண்டு, இருதயத்துக்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று என்று மாத்திரையோடு வாழ்பவர்கள் முதியவர்கள். வயது ஏற ஏறச் சிறுநீரகம் தளர்கிறது. மருந்து உடலிலே நெடுநேரம் தங்கிவிடுகிறது. இளைஞன் தாங்கும் பிழையை முதியவர் தாங்கமாட்டார். முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை விழுங்க வேண்டியது. நாள்தோறும் கொடுத்துவிட்டால் இரத்தம் ஊறும் எலும்பு மச்சையே பழுதுபட்டு உயிருக்கே உலையாகும். நீரிழிவு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அவர் இட்லியைத் தொட்டாரா என்று பார்க்காமற் போனால், சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பார். தூங்குகிறார் என்று பக்கத்துக் கட்டிலார் எண்ணிக்கொள்வார். மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை, விழுங்க முடியவில்லையே என்று இரக்கப்பட்டுப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒருசேர இரத்தத்தில் இறங்கும். இரக்கம் மெய்தான், அது செய்த கேடும் மெய்தான்!

தவறு நேர்ந்தால் ஆயாவை வேலையிலிருந்து விரட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது எளிது. ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. இங்கிலாந்தில் 55 இல்லங்களைச் சேர்ந்த 256 பேரை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட முடிவு என்ன சொல்லிற்று? 178 பேர், அதாவது பத்துக்கு ஏழு பேர், குறைந்தது ஒரு மருந்துப் பிழைக்காவது ஆளாகியிருந்தனர். பிழை, கொடுத்த கையில் மட்டுமா இருந்தது? சீட்டு எழுதிய டாக்டரிடம் இருந்தது. மருந்து கட்டித் தந்தவரிடம் இருந்தது. பிறகு சோதித்துப் பார்க்கத் தவறியதிலும் இருந்தது. வசதி மிக்க நாட்டிலேயே இந்த நிலை என்றால், அட்டையை வெட்டிப் பெயரும் காலாவதித் தேதியும் இல்லாமல் டப்பாவில் போட்டு வைக்கும் இடத்தின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்னொரு கொடுமையும் உண்டு. இரவில் கூவி அழைக்கும் கிழவியை அடக்க ஒரு மாத்திரை! மறதி நோயால் எழுந்து எழுந்து நடக்கும் கிழவரைக் கிடத்த ஒரு மாத்திரை! மறதி நோயுற்ற முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுப்பது சாவின் அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி சங்கிலியோடு சங்கிலியாக 28 பேர் தீயில் மாண்டபோது நாடே பதறியது. இரும்புச் சங்கிலி கண்ணுக்குத் தெரிந்தது, பதறினோம். மாத்திரைச் சங்கிலி கண்ணுக்குத் தெரிவதில்லை, பேசாதிருக்கிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2007-ல் இயற்றிய மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின் 19-வது பிரிவு, மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கும் இல்லம் பற்றிப் பேசுகிறது. இல்லங்களில் மருத்துவ வசதிக்கான தரத்தை வகுக்கும் அதிகாரத்தையும் மாநில சர்க்காருக்கு அளிக்கிறது. அந்தத் தரத்திலே மருந்துக்கு உரிய இடம் தந்தாக வேண்டும்.

பெரும் பணம் தேவையில்லை. இல்லத்துக்குள் வரும் நாளிலேயே அவர் உண்ணும் மருந்துகளின் முழுப் பட்டியல். ஆளுக்கொரு பெட்டி, பூட்டிய அலமாரி. கொடுத்தவுடன் கையெழுத்திடும் ஏடு. மறுத்தால் மறுத்தார் என்று எழுதும் நேர்மை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் எந்த மருந்து இனி வேண்டாம் என்று டாக்டர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு. இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2014-ல் வகுத்த நெறிகளின் சாரமும் ஏறத்தாழ இதுதான். சரியான ஆள், மருந்து, அளவு, நேரம், கொடுக்கும் வழி ஆகிய ஐந்தோடு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் ஆறாவதாக அது சேர்த்தது. முதியவரும் மனிதர்தானே!

நன்கொடையில் நடக்கும் சிறு இல்லங்கள் இந்தச் சுமையைத் தாங்குமா என்பர். ஏட்டின் விலை பெரிதன்று. பயிற்சியின் செலவைச் சர்க்கார் ஏற்கட்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநர் மாதம் ஒருமுறை வந்து பார்க்கட்டும். பிழையை ஒளிக்காமல் சொன்ன பணிப்பெண்ணைத் தண்டிக்காதிருக்கட்டும். தண்டித்தால், அடுத்த பிழை வெளியே வராது, பிணமாகத்தான் வரும்.

நம்மைத் தோளிலே சுமந்து வளர்த்தவர்கள் இன்று பிறர் கையிலே மாத்திரைக்குக் காத்திருக்கிறார்கள். அந்தக் கை தவறாமலிருக்க வழிசெய்வது தருமமல்ல, கடமை. அடுத்த முறை பார்வையிடச் செல்லும் அதிகாரி, அரிசிப் பேரேட்டை மூடிவிட்டு மருந்து ஏட்டைக் கேட்கட்டும். கேட்கும்படி ஆளுவோர் ஆணையிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.