எஞ்சின் கொடுத்தீங்க, ஸ்பேனர் எங்கே சார்?

முன்குறிப்பு: கொஞ்சம் காரமான பதிவு. மெக்கானிக்கல் படிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம், ஃபார்முலா எதுவும் இல்லை :-)

"நடுக்கடலில் எஞ்சின் பழுது, மீனவர்கள் தவிப்பு" என்று செய்தி வரும்போதெல்லாம் நம் வகுப்பில் ஒரு மேதாவி தவறாமல் சொல்வார்: "அவங்களுக்கு மெயின்டனன்ஸ்னா என்னன்னே தெரியாதுப்பா. ஓசியில வந்த எஞ்சின்தானே." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் அந்த ஓசிக் கதை. அரசு தருவது மானியம். விலையில் ஒரு பங்குதான் அது. மீதி கடன், நகை, வட்டி. தன் வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிய பொருளை யாராவது வேண்டுமென்றே கெடுப்பார்களா?

அடுத்து, நம் ஊர்க்காரர்கள் இந்தப் பேச்சைப் பேசலாமா? குறிஞ்சிப்பாடியில் எத்தனையோ வீடுகளில் யாராவது ஒருவர் நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஷிஃப்ட் போகிறார். அங்கே பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் நின்றுபோனால் ஓட்டுகிறவரைப் பார்த்து "அலட்சியம்" என்று யாரும் திட்டுவதில்லை. பராமரிப்புக்குத் தனிப் பிரிவு, ஸ்டோர்ஸ், லாக் புக், எப்போது நிறுத்திப் பார்ப்பது என்ற அட்டவணை, எல்லாம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சாமியார்பேட்டை. அங்கே எஞ்சினும் ஒருவர், ஸ்டோர்ஸும் அவரே, மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்டும் அவரே. கூடவே மீனும் பிடிக்க வேண்டும்.

அவுட்போர்டு எஞ்சின் ஒன்றும் ராக்கெட் இல்லை. நம் லேபில் வெட்டி வைத்திருக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான் பெரும்பாலும். கிராங்க் ஷாஃப்டை நிமிர்த்தி நிற்க வைத்து, கீழே ஒரு தண்டு இறக்கி, பெவல் கியர் வழியாக புரொப்பல்லரைச் சுற்றுகிறது. கஷ்டம் கடலில் இருக்கிறது. எஞ்சினைக் குளிர வைப்பதே கடல் தண்ணீர்தான். கீழே ரப்பர் இதழ்கள் வைத்த ஒரு சின்ன இம்பெல்லர் தண்ணீரை மேலே ஏற்றும். ஏறுகிறது என்பதற்கு அடையாளமாக பக்கவாட்டு ஓட்டையிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் அடிக்கும். முகத்துவாரத்து மணலும் சேறும் அந்த ரப்பரைத் தின்றுவிடும். தாரை மெலிந்ததும் எஞ்சினை நிறுத்தி இம்பெல்லரை மாற்றினால் சின்னச் செலவு. கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும், முழு எஞ்சினுக்கும் வேட்டு.

சரி, எப்படிப் பராமரிப்பது? கையேடு சொல்கிறது: ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓடவிட்டு உப்பைக் கழுவு. அருமையான யோசனை. எழுதியவர் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் ஊர்க்காரர் போல. குடிக்கவே பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் குப்பத்தில் எஞ்சினைக் குளிப்பாட்ட யார் தண்ணீர் தருவார்கள்? (என் கண்ணில் பட்ட கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அது தனிக் கொடுமை.)

மண்ணெண்ணெய் எஞ்சின் கதையும் இதேதான். கன்னியாகுமரிப் பக்கம் இது அதிகம். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். பிளக்கில் கரி வேறு. இது அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மானிய விலையில் கிடைப்பது மண்ணெண்ணெய், பெட்ரோல் முழு விலை. கையைக் கடிக்கும்போது எந்தப் பழக்கம் முதலில் கைவிடப்படும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடலூர்ப் பக்கம் ஃபைபர் படகுகளில் அவுட்போர்டைவிட நீளத் தண்டு வைத்த டீசல் எஞ்சின்தான் அதிகம். எனக்குத் தோன்றும் காரணம், அது காற்றிலேயே குளிரும், டீசல் ஆட்டோ பார்க்கிற மெக்கானிக்குக்கும் ஓரளவு புரியும். பக்கத்தில் யாரால் ரிப்பேர் பண்ண முடியுமோ அந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்த ஜனங்களுக்கா பராமரிப்பு தெரியாது?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கடற்கரையில் ஃபைபர் படகும் எஞ்சினும் வந்து குவிந்தன. படம் எடுத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். பிளக் கழற்றும் ஸ்பேனரைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தவர் எத்தனை பேர்?

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் 1980ல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அவுட்போர்டை வாங்கிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. உதிரிபாகம், சர்வீஸ் பட்டறை என்று தானே இறங்கியது. மீனவர்களின் சொந்தச் சங்கம், அதனால் எஞ்சின் நின்றால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று தெரிந்திருந்தது.

இதில் காசு மட்டும் போவதில்லை. பாக் நீரிணையில் எஞ்சின் நின்றால் படகு எந்தப் பக்கம் போகும் என்பதைக் காற்றும் நீரோட்டமும் முடிவு செய்யும். 1974லும் 1976லும் காகிதத்தில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. மீனுக்காகத் தெரிந்தே தாண்டுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழுதாகி ஒதுங்கியவரிடம் "உன் கார்புரேட்டரைக் காட்டு" என்று எந்தக் கடற்படையும் கேட்காது. ஐந்து ரூபாய் ஷியர் பின்னோ ஒரு பிளக்கோ கையில் இல்லாததற்கு ஜெயில்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். மானியத்தோடு ஒரு பை கொடுங்கள்: இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், இம்பெல்லர், ஷியர் பின், ஸ்டார்ட்டர் கயிறு. கூடவே தமிழில் நாலு பக்கம். வலை நூல் புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றினால் ஆயில் சீல் போகும், கியர் ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, இதெல்லாம் அதில் இருக்கட்டும். கடலோர ஐடிஐகளில் மூன்று மாத மாலை வகுப்பு. கரையில் பொதுவாக ஒரு பெரிய டிரம், அதில் நல்ல தண்ணீர். எஞ்சினின் கால் பகுதியை அதில் முக்கி ஓட்டினால் அதே தண்ணீர் பல எஞ்சினுக்கு வரும், கலங்கினால் மாற்றிக்கொள்ளலாம்.

மேதாவி நண்பருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருட என்எஸ்எஸ் முகாமில் மரத்துக்கு வெள்ளையடிப்பதற்குப் பதில் சோனங்குப்பம் போகலாம் என்று சாரிடம் கேட்கப் போகிறேன். டிரம்முக்கு நான் பொறுப்பு. கியர் ஆயில் மாற்றுவதை அங்கிருக்கும் அண்ணன்கள் உனக்குக் காட்டித் தருவார்கள். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.