யார் மொண்ட தண்ணீர்?

தியானப் பகுதி: உபாகமம் 6:10–12, யோவான் 2:1–11



விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் பயணப் பேச்சு எழுகிறது. பரிசுத்த பூமிக்குச் செல்லும் குழுக்களில் சில, இப்பொழுது ரோமாபுரியையும் அதற்கப்பாலுள்ள இத்தாலிய மலைக்கிராமங்களையும் தங்கள் பயணத்தோடு சேர்த்துக்கொள்கின்றன. பழமையான கல்வீடுகளைக் காண்பதும், அவ்வூர்த் திராட்சரசத்தைச் சுவைப்பதும் அப்பயணத்தின் சிறப்பாகச் சொல்லப்படுகின்றன. இதைக் குறித்து ஒரு கிறிஸ்தவன் எவ்வாறு எண்ணவேண்டும் என்பதே இவ்வாரச் சிந்தனை.

அத்தகைய ஊர்களில் புகழ்பெற்றது சிவிட்டா டி பான்யோரேஜியோ. எத்ருஸ்கர் என்னும் பழங்குடியினர் 2500 ஆண்டுகளுக்கு முன் குன்றின்மேல் அமைத்த ஊர் அது. 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் பொனவெந்தூர் பிறந்த ஊரும் அதுவே. 1695-இல் நேர்ந்த நிலநடுக்கமும், மென்பாறையை ஓயாமல் அரிக்கும் மழையும் காற்றும் குடிமக்களை வெளியேறச் செய்தன. இன்று நீண்ட நடைபாலம் ஒன்றே அவ்வூருக்கு வழி. 2013 முதல் உள்ளே செல்வோரிடம் கட்டணம் பெறப்படுகிறது. பார்க்க வருவோர் இலட்சக்கணக்கானோர். நிலையாகக் குடியிருப்போரோ ஒருசிலரே. ‘செத்துக்கொண்டிருக்கும் ஊர்’ என்று இத்தாலியரே அதை அழைக்கின்றனர். அருகிலுள்ள ஒர்வியேட்டோவின் வெள்ளைத் திராட்சரசம் மட்டும் உலகெங்கும் விலைபோகிறது.

இவ்விடத்தில் மோசேயின் எச்சரிப்பை நினைவுகூர்வோம். கானானுக்குள் நுழையப்போகும் ஜனங்களுக்கு, தாங்கள் கட்டியிராத பட்டணங்களும், வெட்டியிராத துரவுகளும், நட்டிராத திராட்சத்தோட்டங்களும் கிடைக்கும் என்கிறார். அவற்றை அனுபவிக்கவேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. உண்டு திருப்தியானபின் கர்த்தரை மறவாதிருங்கள் என்றே எச்சரிக்கிறார். பிறர் உழைப்பின் பலனை நுகரும் வேளையே மனிதனுக்கு மறதி வரும் வேளை.

கடல் கடந்து இந்தப் பாடத்தைத் தேடவேண்டிய அவசியம் நமக்கில்லை. நம் வெம்பக்கோட்டைக்கு அருகே, வைப்பாற்றின் கரையில் விஜயகரிசல்குளம் மேடு இருக்கிறது. 2022 மார்ச் மாதத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. தொடர்ந்து மேலும் இரண்டு கட்டங்களும் நடந்தேறின. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், தக்களிகள், ஆட்டக்காய்கள், சிறிய பொன்னணிகள், திமிலுள்ள காளை செதுக்கப்பட்ட சூதுபவளம் என ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. சங்கு மன்னார் வளைகுடாவில் விளைவது. நம் ஊரிலோ கடல் இல்லை. அப்படியானால் கடற்கரையிலிருந்து சங்கைச் சுமந்து வந்தவர் ஒருவர், அதை அறுத்தவர் ஒருவர், தேய்த்து மெருகேற்றியவர் ஒருவர் இருந்திருக்கவேண்டும். அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய கைவேலையே கிடைத்திருக்கிறது.

திராட்சரசமும் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு குறிப்பிடுகிறது. மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்த அரிக்கமேட்டிலும், வைகையின் முகத்துவாரத்தருகே உள்ள அழகன்குளத்திலும், ரோம நாட்டு மது வந்திறங்கிய இருகைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்துள்ளன. இத்தாலியின் மலைச்சரிவில் பழம் பிழிந்தவனும் நம் கரையில் சங்கு அறுத்தவளும் ஒரே காலத்தின் மக்களாயிருந்திருக்கலாம். ஒருவர் செய்ததை எங்கோ ஒருவர் நுகர்ந்தார். செய்தவரை நுகர்ந்தவர் அறியவில்லை.

கானாவூர்க் கலியாணத்தில் யோவான் ஒரு சிறு செய்தியைக் கவனமாய்ப் பதிவு செய்கிறார். பந்திவிசாரிப்புக்காரன் ருசிபார்த்தான், ஆனால் அந்த ரசம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கற்சாடிகளைத் தண்ணீரால் நிரப்பிய வேலைக்காரருக்கோ தெரிந்திருந்தது. ஆண்டவருடைய முதல் அற்புதத்தின் இரகசியம் பந்தியின் தலைவனுக்கு அல்ல, தண்ணீர் சுமந்தவர்களுக்கே வெளிப்பட்டது. எவ்வளவு ஆழமான சத்தியம்!

சபையாரே, நாம் வாழும் இக்கரிசல் பூமியில் அந்த வேலைக்காரர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. தீபாவளி இரவில் வானத்தை அண்ணாந்து பார்க்கும் கோடிக்கணக்கானோர் பந்திவிசாரிப்புக்காரனைப் போன்றவர்கள். அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்து கலந்தவருக்கும், திரி பொருத்தியவருக்கும், விடியுமுன் தூக்குவாளியோடு வேன் ஏறிய நம் சகோதரிகளுக்கும் தெரியும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 பிப்ரவரியில் நம் அருகிலுள்ள இராமுத்தேவன்பட்டியில் 10 பேர் மாண்டனர். ஈராயிரம் ஆண்டுக்கு முன் உடைந்த வளையலைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகிறோம், அது தகும். ஆனால் இன்று உழைக்கும் கைகளுக்கு அதே கனத்தைக் கொடாவிட்டால், நம்முடைய பாரம்பரியப் பற்று எத்தகையது?

விபத்து நேரும்போது, அது அவர்கள் விதி, அவர்கள் பாவம் என்று பேசுவோர் உண்டு. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று ஆண்டவர் அந்தப் பேச்சை மறுத்தார் (லூக்கா 13:4, 5). மேலும், புதுவீடு கட்டுகிறவன் மாடியிலிருந்து எவரும் விழாதபடி கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், கட்டாவிட்டால் இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வரும் என்பது வேதத்தின் கட்டளை (உபாகமம் 22:8). ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்னும் விதி நம் நாளின் கைப்பிடிச்சுவர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்தவர் அவசரத்திற்காக ஆட்களை நெருக்கி அமர்த்துவது அச்சுவரை இடிப்பதாகும். நம் சபைகளில் ஆலை நடத்துவோரும் போர்மேன்களும் தொழிலாளரும் ஒரே பந்தியில் முழங்காற்படியிடுகிறோம். ஆகையால் இதைக் குறித்து மவுனமாயிருக்க நமக்கு உரிமையில்லை.

என் கருத்தைச் சுருங்கச் சொல்கிறேன். தொலைதூரப் பயணம் பாவமன்று. பழமையைக் காண விரும்புவது நல்லதே. ஆயினும் இத்தாலிக்குச் செல்லுமுன் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை விஜயகரிசல்குளத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஓட்டுச்சில் ஒன்றையும் எடுத்துவர விடாதீர்கள். “இதை யார் செய்தார்?” என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். திரும்பி வரும் வழியில், தங்கள் தாய் நாளெல்லாம் என்ன செய்கிறாள் என்று அவர்களே சொல்லட்டும். வேலையறையில் நெருக்கடி கண்டால், கூலி போய்விடும் என்னும் அச்சத்தில் தொழிலாளி தனியே தவிக்கவேண்டாம். சபைக் கமிட்டி அவரோடு நின்று முதலாளியிடம் பேசட்டும்.

திராட்சரசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுவினால் நம் ஊரில் எத்தனை வீடுகள் அழிந்தன என்பதை அறிந்திருக்கிறபடியால், சுற்றுலாவின் பெயரால் அதற்கு வாசல் திறக்க நான் சம்மதியேன். நமக்குத் திருவிருந்தின் பாத்திரம் போதும். ஆனால் அதைப் பெறும்போதும், கம்பம் பள்ளத்தாக்கிலோ வேறெங்கோ பந்தலின்கீழ் நின்று பழம் பறித்த கைகளை நினையுங்கள். மற்றவர்கள் அனுபவிக்கத் தாங்கள் மட்டும் உழைக்கும் நிலை மாறும் என்பதே ஏசாயாவின் தரிசனம் (65:21, 22). நட்டவர்களே கனியைப் புசிக்கும் அந்த நாளுக்காக நாம் பாத்திரத்தை உயர்த்துகிறோம்.

ஜெபம்: கானாவூரின் கர்த்தாவே, தண்ணீர் மொண்டவர்களை நீர் அறிந்திருக்கிறீர். அவர்களை நாங்களும் அறிய எங்கள் கண்களைத் திறந்தருளும். நாளைக் காலையில் வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரையும் சுகமாய் வீடு சேர்த்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென்.