முன்மூடி யாருக்காக?

புதிய மகிழுந்து வாங்கச் செல்பவர்கள் விற்பனை நிலையத்தில் பல கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? மாதத் தவணை எவ்வளவு? காற்றுப்பைகள் எத்தனை? இவை அனைத்தும் நியாயமான கேள்விகளே. ஆனால், எல்லாமே வண்டிக்குள் அமர்பவரைப் பற்றியவை. வண்டிக்கு முன்னால் சாலையைக் கடந்து செல்பவரின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர் அரிது. அந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, இயந்திரத்தின் மேல் இருக்கும் முன்மூடியில்தான் உள்ளது.

பேச்சு வழக்கில் பானெட் எனப்படும் இந்த முன்மூடியை வெறும் தகடு என்றே பலரும் எண்ணுகின்றனர். மழைநீரும் தூசியும் இயந்திரத்தின்மேல் விழாமல் அது தடுக்கிறது. அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு போன்ற விரிப்பு, இயந்திரத்தின் இரைச்சலைக் குறைக்கிறது. காற்று எளிதாக வழுக்கிச் செல்லவும் அதன் வடிவம் உதவுகிறது. இந்தப் பயன்களைப் பெரும்பாலோர் அறிவர். ஆனால், அதன் தலையாய பணி விபத்தின்போதுதான் தொடங்குகிறது.

முன்மூடி ஒற்றைத் தகடால் ஆனதன்று. வெளியே வழவழப்பான தகடும் உள்ளே மடிப்புகள் கொண்ட சட்டமும் சேர்ந்ததே முன்மூடி. இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதும்போது, அது நடுப்பகுதியில் கூடாரம்போல் மேல்நோக்கி மடிய வேண்டும். விறைப்பாக நின்றால், பின்னோக்கித் தள்ளப்பட்டு முன்கண்ணாடியைத் துளைத்துவிடும். எனவே, எந்த இடத்தில் மடிய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணித்து அதை வடிவமைக்கிறார்கள்.

பாதசாரியைப் பொறுத்தவரை முன்மூடியின் பணி இன்னும் நுட்பமானது. தாழ்வான முகப்புடைய வண்டி ஒருவரை மோதும்போது, முதலில் அடிபடுவது அவருடைய கால்கள். அடுத்து, அவருடைய உடல் சரிந்து முன்மூடியின்மேல் விழுகிறது. தலை அதன்மீது மோதும் நொடியில் தகடு குழிந்து கொடுத்தால், அதிர்ச்சி குறையும். தகட்டுக்குச் சற்றுக் கீழேயே இயந்திரத்தின் கடினமான பாகம் இருந்தால், தலைக்காயம் உயிரைப் பறிக்கலாம். ஆகவே, தகட்டுக்கும் இயந்திரத்திற்கும் நடுவில் உள்ள சில சென்டிமீட்டர் இடைவெளி வீணான இடமன்று. அது ஓர் உயிருக்காக ஒதுக்கப்பட்ட இடம்.

இதனைச் சோதிப்பதற்கு ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 127ஆம் எண் வாகன விதிமுறை வழிகாட்டுகிறது. சிறுவரின் தலைக்கு ஈடாக 3.5 கிலோகிராம், பெரியவரின் தலைக்கு ஈடாக 4.5 கிலோகிராம் எடையுள்ள மாதிரிகள், மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் முன்மூடியின்மேல் மோதவிடப்படுகின்றன. 2012ஆம் ஆண்டில் வந்த வால்வோ வி40 வண்டி ஒருபடி மேலே சென்றது. அதில், பாதசாரியின்மேல் மோதியதும் முன்மூடியின் பின்பகுதி சற்றே உயர்ந்து, அதன் அடியிலிருந்து ஒரு காற்றுப்பை வெளிப்புறமாக விரியும். வண்டிக்குள் இருப்பவருக்கு மட்டுமே காற்றுப்பை என்ற எண்ணத்தை அது மாற்றியது.

தொழில்நுட்பம் இவ்வாறு முன்னேற, மக்களின் விருப்பமோ வேறு திசையில் செல்கிறது. உயரமான, நிமிர்ந்த முகப்புடைய வண்டிகளே கம்பீரமானவை எனக் கருதப்படுகின்றன. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம், ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்து 2023ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. முன்மூடியின் விளிம்பு ஏறத்தாழ 102 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும் வண்டிகளைச் சரிவான முகப்பும் 76 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரமும் கொண்ட வண்டிகளோடு அது ஒப்பிட்டது. உயரமான வண்டிகளால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் எனத் தெரியவந்தது. 120 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தொடக்கப்பள்ளி மாணவருக்கு அந்த விளிம்பு கழுத்தளவுக்கு வரும். அத்தகைய வண்டி அவருடைய காலைத் தட்டாது. மார்பையும் தலையையுமே தாக்கும். மேலும், பள்ளி வாயிலில் வண்டிக்கு மிக அருகில் நிற்கும் குழந்தை, ஓட்டுநரின் கண்ணிலேயே படாமல் போகலாம்.

உயரமான வண்டி வெள்ளக் காலத்தில் உதவும் எனச் சிலர் வாதிடலாம். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால், வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வேறு. முன்மூடியின் விளிம்பு எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பது வேறு. முன்னது தேவை என்பதற்காகப் பின்னதும் சுவர்போல் நிமிர்ந்து நிற்க வேண்டியதில்லை. தானாகவே பிரேக் பிடிக்கும் கருவி வந்துவிட்டதே என்று கேட்பவர்களும் உண்டு. அக்கருவி பெரிதும் பயனுள்ளதே. எனினும், கனமழையிலும் இருளிலும் அது எல்லா மோதல்களையும் தடுத்துவிடும் என்று சொல்ல இயலாது. அது தவறும்போது பாதசாரியைச் சந்திப்பது முன்மூடிதான்.

நல்ல முன்மூடி அமைந்துவிட்டால் மட்டும் போதாது; அதன் பயனை உரிமையாளரே கெடுத்துவிடக் கூடாது. அழகுக்காக முகப்பில் கனத்த இரும்புச் சட்டம் பொருத்தினால், குழிந்து கொடுக்க வேண்டிய தகட்டுக்கு முன்னால் வளையாத இரும்பு வந்து நிற்கும். அதேபோல், முன்மூடியை மூடும் பூட்டையும் கவனிக்க வேண்டும். முதல் பூட்டு தவறிவிட்டாலும் மூடி பறந்து திறக்காதபடி இரண்டாவது கொக்கி பிடித்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் மூடி திறந்துகொண்டால், ஓட்டுநருக்குச் சாலையே தெரியாது. சிறு துரும்பும் பல்குத்த உதவும் என்பார்கள். இந்தச் சிறு கொக்கியோ உயிர்களையே காக்கிறது.

மலேசியாவில் 17 வயதிலேயே மகிழுந்து ஓட்டும் உரிமம் பெறலாம். ஓட்டுநர் பயிற்சியில் முன்மூடியைத் திறந்து எண்ணெய், நீர், மின்கலம் ஆகியவற்றைச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்போது மூடியின் கீழே உள்ளவற்றோடு மூடியையும் பார்க்கும் பழக்கம் வளர வேண்டும். அது சரியாகப் பூட்டுகிறதா? கொக்கி துருப்பிடித்திருக்கிறதா? வண்டி வாங்கும்போது, பாதசாரி பாதுகாப்புச் சோதனையில் அதன் நிலை என்ன என்றும் கேட்க வேண்டும். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், விற்போர் விடை சொல்லியே ஆக வேண்டும்.

எவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுபவரும் அதைவிட்டு இறங்கிய மறுநொடியே பாதசாரிதான். அவருடைய பிள்ளைகளும் பெற்றோரும் அதே சாலையைத்தான் கடக்கிறார்கள். எனவே, வண்டியின் முன்மூடி அதை வாங்கியவருக்கு மட்டும் உரியதன்று. அதன் முன்னால் நடந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் உரியது.