இறங்கினேன் என்கிறார்கள்

கம்ப்யூட்டர் திரையில் விமானம் ஓட்டி விளையாடுகிறவர்கள் மீது எனக்கு எவ்விதக் கோபமும் இல்லை. நாவல் படிக்கிறவன் இல்லாத மனிதர்களோடு அழுகிறான்; இவர்கள் இல்லாத விமானத்தில் பறக்கிறார்கள். இரண்டும் ஒரே ஜாதி இன்பந்தான். ஆனால், "ஆஸ்திரேலியாவின் நட்ட நடுப் பாலையில் இறங்கினேன், அந்தச் சீமையை இனி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்" என்று மார் தட்டுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எதன்மேல் இறங்கினீர்கள், ஐயா? ஆகாயத்திலிருந்து எடுத்த போட்டோவின் மேல் அல்லவா? 2020-ல் மைக்ரோஸாப்ட் வெளியிட்ட விளையாட்டு, பூமி முழுவதையும் அப்படித்தான் பாயாக விரித்துப் போடுகிறது. அபாரமான வேலை, மறுக்கவில்லை. குறுக்குக் காற்றுக்கு விமானத்தின் மூக்கைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அதில் கைவரும். வெயிலில் காற்று மெலிந்துவிட்டால் மேலே கிளம்ப அதிக தூரம் ஓடவேண்டும் என்பதுகூட அதற்குத் தெரிந்திருக்கிறது.

பேர்ட்ஸ்வில்லாவது ஒரு ஊர். தார் போட்ட ஓடுபாதை. பக்கத்திலேயே 1884-ல் கட்டிய ஹோட்டல். அதையும் தாண்டி மாட்டுப் பண்ணைகளில் இருக்கிற மண் பாதைகள்தாம் விஷயம். அவற்றைச் சமன்படுத்துவது பண்ணைக்காரன். விமானம் வருவதற்கு முன்னால் வண்டியில் ஏறி அந்தப் பாதை நெடுக ஓட்டிப்போய் மாட்டையும் கங்காருவையும் விரட்டுகிறவன் அவன். மழை பெய்திருந்தால், சக்கரம் புதைகிறதா என்று பார்க்கிறவனும் அவனே. இரவில் வேறு விளக்கு இல்லாவிட்டால், கழிவறைக் காகிதச் சுருளை டீசலில் ஊறவைத்து, டப்பாக்களில் போட்டு, பாதையின் இரு ஓரத்திலும் கொளுத்தி வைப்பதுண்டு. வீட்டுக்குள்ளே மனைவியோ குழந்தையோ வலியில் துடித்துக்கொண்டிருக்கும்.

இது நான் கட்டிய கதையல்ல. ஜான் பிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால், 1928 மே 17-ல் குளோன்கரியிலிருந்து ஜூலியா கிரீக்குக்கு முதல் டாக்டர் விமானம் போயிற்று. விமானம் இருந்து என்ன பிரயோஜனம்? கூப்பிட வழி வேண்டாமா? மறு வருஷம் ஆல்பிரட் டிரேகர், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் ரேடியோவைக் கொண்டுவந்தார். அந்தக் கால் மிதித்த மிதியெல்லாம் திரையில் எங்கே தெரிகிறது?

இன்னொரு வார்த்தை: 'ஆளில்லாத அத்துவானம்'. யாருக்கு அத்துவானம்? சிட்னிக்காரனுக்கு! பேர்ட்ஸ்வில் பக்கத்து வாங்கங்குரு, யார்லுயாண்டி மக்களுக்கு அது பாட்டன் பூட்டன் மண், சிட்னிதான் தொலைவு.

"பொழுதுபோக்குக்கு இத்தனை வியாக்கியானமா?" என்று கேட்பார்கள். பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டால் எனக்கு வழக்கே இல்லை. பாதை வழுக்கிச் சக்கரம் முறிந்தால் ஒரு பொத்தானைத் தட்டுகிறீர்கள். விமானம் பழையபடி ஆகாயத்தில் நிற்கிறது. டப்பாவில் தீ வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்திருப்பவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. வரைபடத்தை மட்டும் பார்த்து நான் ஒரு ஊரை எழுதினால் அந்த ஊர்க்காரர் சும்மா விடுவாரா?

தாராளமாக விளையாடுங்கள். 'இறங்கினேன்' என்பதற்குப் பதிலாக 'இறங்கி விளையாடினேன்' என்று சொல்லுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன்.