குமிழி மெதுவாக ஏறினால் சரக்கு சுத்தமா?



போன வாரம் கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவன் பேசினான். கஞ்சா எண்ணெயின் பாகுத்தன்மையையும் வெப்பப் பண்புகளையும் அளக்கும் ஆய்வகத்தில் வேலையாம். "வீட்ல மருந்துக் கம்பெனின்னு சொல்லி வச்சிருக்கேன் சார்" என்றான். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

நம் நாட்டில் 1985ஆம் வருடச் சட்டப்படி கஞ்சா குற்றம். கனடாவில் 2018 அக்டோபர் முதல் சட்டப்படியே விற்கிறார்கள். அதை ஆதரித்து நான் எழுதவில்லை. ஆனால் மனிதர் உடம்புக்குள் போகும் எதையும் யாராவது ஒழுங்காக அளந்தாக வேண்டும்.

அளக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2019இல் அமெரிக்கா பார்த்தது. மின்சிகரெட் இழுத்தவர்கள் நுரையீரல் பாதித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர். அதில் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கஞ்சா எண்ணெய் இழுத்தவர்கள், இளவயதுக்காரர்கள். 51 நோயாளிகளின் நுரையீரல் திரவத்தைச் சோதித்ததில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது.

அதை ஏன் கலந்தார்கள்? குப்பியைக் கவிழ்த்தால் உள்ளே காற்றுக்குமிழி மெதுவாக ஏற வேண்டும், அப்படியானால் சரக்கு சுத்தம் என்பது வாங்குபவர்களின் நம்பிக்கை. கள்ளச்சந்தைக்காரன் எண்ணெயைக் குறைத்து, அதே கெட்டித்தன்மை வர இதை ஊற்றினான். குமிழி மெதுவாகவே ஏறியது.

பதினோராம் வகுப்பு செய்முறை நினைவிருக்கிறதா? உயரமான ஜாடியில் விளக்கெண்ணெய், சின்ன எஃகுக் குண்டு, ஸ்டாப் கிளாக். பாகியல் எண்ணை எழுதும் முன் அறை வெப்பநிலையை எழுதச் சொல்வேன். மார்கழியில் இறங்காத தேன் சித்திரையில் ஓடுகிறதே, அதனால்தான். குமிழிச் சோதனையில் தெர்மாமீட்டரும் இல்லை, ஒப்பிட நல்ல மாதிரியும் இல்லை. ஏமாறத்தானே செய்வார்கள்? ஆய்வகத்தில் பல வெப்பநிலைகளில் பாகியல் எண், அடர்த்தி, சூடேற்றும்போது எடை எவ்வளவு குறைகிறது என எல்லாம் பார்க்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வேதியியல் சோதனை தனியாகச் சொல்கிறது.

இன்னொன்று. கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி.யின் கொதிநிலை 157 டிகிரி என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வருகிறார்கள். என்ன அழுத்தத்தில் என்பதைக் காணோம். முறையாக அளந்த கணக்கோ 0.02 மி.மீ. பாதரச அழுத்தத்திலேயே 200 டிகிரி என்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் இன்னும் கூடத்தான் இருக்க முடியும். என் வகுப்பில் அழுத்தம் எழுதாவிட்டால் அரை மார்க் போகும். அங்கே அந்த எண்ணை நம்பித்தான் கருவியின் சூட்டை வைக்கிறார்கள்.

ஆகவே தம்பி, வீட்டில் சொல்லிவிடு. "கஞ்சா விக்கிறியா?" என்று அம்மா கேட்டால், "இல்லம்மா, விக்கிறவன் ஏமாத்தாம பார்த்துக்கறேன்" என்று சொல். அப்படியும் கோபப்பட்டால் என் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன்.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள்.