நஷ்டத்திற்கு மட்டும் எல்லை போதுமா?

மஃரிப் தொழுது முடித்துப் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் நம் இளைஞர்களின் பேச்சில் 'ஆப்ஷன்' என்ற சொல் இப்போது அடிக்கடி விழுகிறது. காலை 9.15 மணிக்குச் சந்தை திறந்ததும் கைப்பேசியை எடுத்து, நிஃப்டி குறியீடு ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடுகிறார்கள். இது சூதாட்டம் போலிருக்கிறதே என்று நாம் கேட்டால், "நாங்கள் கட்டுப்பாட்டோடு செய்கிறோம். ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறோம்" என்கிறார்கள். இந்தப் பதிலை நாம் நேர்மையுடன் எடைபோட வேண்டும்.

அவர்கள் கற்ற விதிகள் தம்மளவில் நல்லவையே. முதல் ஒரு லட்சம் ரூபாய் என்றால், ஒரு முறையில் 2 சதவீதத்திற்கு, அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது. எந்த விலையில் வெளியேறுவது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கடன் வாங்கி இறங்கக் கூடாது. இதன் பின்னுள்ள கணக்கு எளிது. முதலில் 10 சதவீதத்தை இழந்தவர் அதை மீட்க 11 சதவீதம் ஈட்டினால் போதும். பாதியை இழந்தவரோ மீதியை இரட்டிப்பாக்க வேண்டும்.

ஆனால், விதி தேவைப்படும் நாளில்தான் அது கைவிடுகிறது. தேர்தல் முடிவு வெளியான 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 6 சதவீதம் சரிந்தது. அத்தகைய வேகத்தில், நாம் குறித்துவைத்த விலையில் வெளியேற இயலும் என்ற உறுதி கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் மனித மனம். இழந்ததை இன்றே மீட்டுவிட வேண்டும் என்ற தவிப்பு எழுதிவைத்த விதிகளை மறக்கச் செய்கிறது. சிங்கப்பூரில் பேரிங்ஸ் வங்கிக்காக வணிகம் செய்த நிக் லீசன், நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் மறைத்து, அவற்றை மீட்க மேலும் மேலும் பணயம் வைத்தார். 1995இல் நஷ்டம் 82 கோடி பவுண்டைக் கடந்தது. 230 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த வங்கி வீழ்ந்தது. ஒரு வங்கியின் மேற்பார்வைக்கே தப்பியது என்றால், தன் அறையில் தனியாக அமர்ந்திருக்கும் 22 வயது மகனைத் தடுப்பவர் யார்?

பங்குச் சந்தையின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குகளின் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். இத்தனை பேரும் ஒழுங்கற்றவர்களா? இல்லை. இங்கு ஒருவரின் இலாபம் மற்றவரின் நஷ்டமே. தரகும் வரியும் அதிலிருந்தே கழிகின்றன. ஆட்டத்தின் அமைப்பே அப்படி.

மார்க்கத்தின் பார்வை இன்னும் ஆழமானது. ஹலாலான தொழில் செய்யும் நிறுவனத்தின் பங்கை வாங்குவது அந்த நிறுவனத்தில் உரிமை பெறுவதாகும். நிபந்தனைகளோடு அதை அனுமதிக்கும் அறிஞர்கள் பலர். ஆனால், 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஆப்ஷன் ஒப்பந்தங்களும் குறியீட்டை வாங்கி விற்பதும் கூடாது என்று தீர்மானித்தது. சூதாட்டத்தைத் திருக்குர்ஆன் (5:90) மதுவுடன் சேர்த்தே தடுத்திருக்கிறது. பணயத்தைக் குறைப்பதால் சூது வணிகமாகிவிடாது.

"வணிகம் என்றாலே ஆபத்துதானே?" என்று கேட்கலாம். உண்மைதான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் புயலுக்கும் கடலுக்கும் அஞ்சாமல் மரக்கலம் அனுப்பினார்கள். ஆனால், அதில் சரக்கு இருந்தது. கரை சேர்ந்தால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் பயன் கிடைத்தது. ஆபத்து வணிகத்தோடு ஒட்டி வந்ததே தவிர, ஆபத்தே சரக்காக இருக்கவில்லை.

எனவே, நம் கட்டுப்பாடு ஸ்டாப் லாஸுக்கு வெகு முன்னரே தொடங்க வேண்டும். நாம் வாங்குவது என்ன? இது யாருடைய பணம்? வாப்பா வளைகுடாவில் உழைத்து அனுப்பியதா, தங்கையின் திருமணத்திற்குச் சேர்த்ததா, மனைவிக்கே உரிய மஹரா? இதை இன்றிரவு உம்மாவிடம் சொல்ல முடியுமா? கடைசிக் கேள்விக்கு நாக்கு தயங்கினால், அங்கேயே நிறுத்திவிடுவதுதான் உண்மையான எல்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஏற்கனவே இழந்துவிட்ட பிள்ளை நம்மிடம் வந்து சொல்லும்படி வீட்டின் கதவைத் திறந்து வையுங்கள். ஏச்சுக்கு அஞ்சி மறைக்கும் நஷ்டம், கடனாகி வளரும். கடனின் பொறுப்பை ஒருவர் ஏற்கும் வரை ஜனாஸா தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் தயங்கியதை நாம் அறிவோம். பிள்ளையின் அருகில் அமர்ந்து கணக்கைப் பாருங்கள். அடைக்க வேண்டியதைச் சேர்ந்து அடையுங்கள். அந்தச் செயலியைச் சேர்ந்தே நீக்குங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான வருமானத்தையும் அதில் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.