கோல் கணக்கப்பிள்ளையின் கால்பந்து

'கோல் அடிப்பவன்தான் ஸ்ட்ரைக்கர். வியூகத்துக்கேற்ற ஆள் என்பதெல்லாம் பயிற்சியாளர்களின் பம்மாத்து' என்று விமரிசக நண்பர் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார். அதிகக் கோல் அடித்தவரை அணியில் போடு, மற்றப் பத்துப் பேரை அவருக்கேற்ப வளை, வளையாவிட்டால் பயிற்சியாளரைத் துரத்து: இவ்வளவுதான் அந்த நீண்ட கட்டுரையின் சித்தாந்தம். இதற்குக் கால்பந்து விமரிசகர் எதற்கு? கூட்டல் தெரிந்த எவரும் போதாதா?

அவருடைய பிரதான சாட்சி பிரான்சின் ஸ்ட்ரைக்கர் ஒலிவியே ஜிரூ. 2018 உலகக் கோப்பையில் ஏழு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை, கோலை நோக்கிச் சரியாகப் போன ஒரு ஷாட்கூட இல்லை. ஆகவே பிரான்ஸ் இந்தச் 'சிலை'யைச் சுமந்துகொண்டுதான் வென்றது என்கிறார். எண்கள் சரி. ஆனால் கஸான் நகரில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த முதல் ஆட்டத்தை மட்டும் ஏன் அத்தனை லாவகமாகத் தாண்டிப் போகிறார்? பிரான்சின் பயிற்சியாளர் டெஷாம் அன்று நண்பரின் ஆசைப்படியேதான் அணியை இறக்கினார்: ஜிரூ வெளியே, எம்பாப்பே, கிரீஸ்மான், டெம்பெலே என்று மூன்று வேகக்காரர்கள் உள்ளே. மையத்தில் நின்று இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தன்மேல் இழுத்துப் பிடிக்க ஆளில்லாததால், மூன்று பேரின் வேகமும் ஓட இடமின்றி முட்டுச்சந்தில் நின்றது. முதல் கோல் பெனால்டியில் வந்தது. எழுபதாவது நிமிட வாக்கில் ஜிரூ இறங்கினார். 81ஆவது நிமிடத்தில் போக்பா அவரிடம் பந்தைக் கொடுத்து வாங்கி உள்ளே பாய, பந்து ஆஸ்திரேலியாவின் பெஹிச்சின் காலில் பட்டு மேலெழும்பி, கிராஸ்பாரில் மோதி, கோட்டைத் தாண்டி விழுந்தது. கணக்கில் அது சுயகோல். ஜிரூவின் பெயர் எங்கும் இல்லை. நண்பரின் பேரேட்டில் இல்லாதது மைதானத்திலும் நடக்கவில்லை என்றாகிவிடுமா? டெஷாமுக்கு அப்படித் தோன்றவில்லை. மிச்சமிருந்த ஆறு ஆட்டங்களிலும் தொடக்க அணியில் ஜிரூதான். அர்ஜென்டினாவுக்கு எதிராக எம்பாப்பே அடித்த இரண்டாவது கோலுக்குப் பந்தை நகர்த்திக் கொடுத்தவரும் அவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், எம்பாப்பே வெட்டவெளியில் பாய்ந்த அழகைப் பற்றி இதே கட்டுரையில் அரைப் பக்கத்துக்குப் புல்லரித்திருக்கிறார். அந்த வெட்டவெளி ரஷ்யப் புல்வெளியில் தானாக முளைத்ததா?

பென்ஸிமாவைத் திரும்பக் கொண்டுவந்த 2021 யூரோவை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்: 'நான்கு கோல் அடித்தார், போதுமே.' ஜிரூவைவிடப் பென்ஸிமா பெரிய ஆட்டக்காரர் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் கணக்கென்று வந்துவிட்டால் முழுக் கணக்கையும் பார்ப்போம். 2018இல் ஜிரூ பூஜ்யம், கிரீஸ்மான் 4, எம்பாப்பே 4, அணி 14, கையில் கோப்பை. 2021இல் பென்ஸிமா 4, எம்பாப்பே பூஜ்யம், அணி 7; முதல் நாக் அவுட் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் பெனால்டிகளில் தோற்று வீடு திரும்பல். (புக்காரெஸ்டில் நடந்த அந்த ஆட்டத்தில் கிழிந்தது பிரான்சின் தற்காப்பு, அந்தப் பழியைப் பென்ஸிமா தலையில் கட்ட மாட்டேன். தனிமனிதக் கோலை வைத்து அணியை எடைபோடுவது எத்தனை அபத்தம் என்று காட்டவே இந்தக் கூட்டல்.)

அடுத்து ஹாலண்ட். 'வியூகப் பித்தர் கார்டியோலாவே கடைசியில் கோல் இயந்திரத்தைத்தானே வாங்கினார்' என்று எகத்தாளம். ஹாலண்ட் 2022-23 பிரீமியர் லீகில் 36 கோல் அடித்தது சாதனைதான். ஆனால் முறையான ஸ்ட்ரைக்கர் இல்லாமல் ஆடிய முந்தைய பருவத்தில் கார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டி லீகில் அடித்த கோல்கள் 99. ஹாலண்ட் வந்த பிறகு 94. இயந்திரம் வந்தும் உற்பத்தி ஐந்து குறைந்ததை எந்த வாய்பாட்டில் போட்டு விளக்குவார்? அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீகை வென்றார்களே என்பார். வென்றார்கள், அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் இறுதியிலும் ஹாலண்ட் ஒரு கோலும் அடிக்காமல் வென்றார்கள். ஸ்டோன்ஸை நடுக்களத்துக்கு ஏற்றி, கிரீலிஷை எல்லைக்கோட்டோரம் நிறுத்தி, அந்த நெட்டையரைச் சுற்றி அமைப்பையே மாற்றிக் கட்டியதல்லவா விஷயம்? 'அப்படியானால் ஸ்ட்ரைக்கருக்காக வியூகத்தை வளைத்தார்தானே' என்று நண்பர் துள்ளக்கூடும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதுதானே ஐயா என் கட்சி! பம்மாத்து என்றவர் நீங்கள்.

பொருந்தாதபோது என்ன ஆகும் என்பதற்கு லுகாகு இருக்கிறார். இன்டரில் கோன்டேயின் 3-5-2 அமைப்பில், லௌதாரோ மார்ட்டினெஸ் தோளுரசி நிற்க, எதிரில் திறந்த வெளி கிடக்க, 2020-21 சீரி ஆவில் 24 கோல், பட்டம். செல்சி 9.75 கோடி பவுண்ட் கொட்டி அவரை வாங்கி, பயிற்சியாளர் டூஹலின் 3-4-2-1 அமைப்பில் தனியாளாக நிறுத்தியது. எதிரணிகள் பெனால்டி பகுதிக்குள்ளேயே குடியிருக்க, அபிமன்யுவைப் போல உள்ளே போனார். துணைக்குப் பின்னால் வரவேண்டியவர்கள் வந்து சேரவில்லை. 2022 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸுடன் தொண்ணூறு நிமிடமும் நின்று அவர் பந்தைத் தொட்டது ஏழே முறை. அதில் ஒன்று ஆட்டத்தைத் தொடங்கிவைத்த தட்டு. அந்த ஆட்டத்தில் செல்சி வென்றது! நண்பரைக் கேட்டால் தவறு டூஹலுடையதாம், அவர் வியூகத்தை மாற்றியிருக்க வேண்டுமாம். சில மாதங்களுக்கு முன்புதான் அதே வியூகத்தில் சாம்பியன்ஸ் லீகை வென்ற மனிதர் அவர். எழுப்பிய வீட்டை இடி என்று சொல்வதற்கு முன், கட்டிலை வாங்கியவர்கள் கதவை அளந்தார்களா என்று கேட்கத் தோன்றவில்லையே.

ஏன் தோன்றவில்லை? பந்தில்லாத நேரத்தில் ஒரு முன்கள வீரர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தொண்ணூறு நிமிடமும் கண்விழித்து உட்கார வேண்டும். கோல் பட்டியலுக்குக் காலையில் எழுந்து கைபேசியைத் தடவினால் போதும். நட்சத்திரத்தின்மேல் தூசு படாமல் பழியைப் பயிற்சியாளருக்கு அனுப்பிவிட்டால் ரசிகக் கும்பலின் கைதட்டலும் இலவசம். தத்துவம் என்று பெயர் சூட்டிக்கொண்டாலும் சோம்பல் சோம்பல்தான்.

சோம்பல் என்பதற்கு அவர் கட்டுரையிலேயே அத்தாட்சி உண்டு. பிரான்சின் மகத்தான கோலடி வீரர்கள் என்று ஒரு வரிசை தந்திருக்கிறார். ஹென்றி, ட்ரெஸெகே, பென்ஸிமா எல்லாரும் இருக்கிறார்கள். 2024இல் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகும்போது பிரான்சுக்காக எவரையும்விட அதிகமாக, ஹென்றியின் 51ஐத் தாண்டி, 57 கோல் அடித்திருந்தவர் பெயர் மட்டும் அதில் இல்லை. அவர் பெயர் ஒலிவியே ஜிரூ. அதிகக் கோல் அடித்தவரை அணியில் போடு என்றீர்களே, டெஷாம் வேறு யாரைத்தான் போட்டார்?